என் காலில் பலமில்லையாம்!

எங்களுடையது பதினைந்து வருடப் பழைய கார். சில வாரங்களாக நிற்கும்போதெல்லாம் என்ஜின் உதறியது. பிரேக்கை மிதித்தால் 'உஸ்' என்று சத்தம் வந்தது, பெடலும் கனத்தது. வழக்கமான மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், உடன் வந்திருந்த என் கணவரிடம், "மேடத்துக்குக் கால்ல பலம் கம்மி சார். பழைய வண்டி, ஒதறத்தான் செய்யும்" என்று சிரித்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. நானும் என்னையே சந்தேகப்பட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு ஓட்டினேன்.

போன மாதம் மூன்று வயது மகளுடன் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவில் பெடல் கல்லாகிவிட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, தடுப்புச் சுவரை ஒட்டி எப்படியோ நிறுத்தினேன். "ஏம்மா நின்னுட்ட?" என்றாள் மகள்.

காரை இழுவை வண்டியில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனேன். அங்கே வேறொரு மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை லேசாக்கும் உறிஞ்சுவிசையை அதிலிருந்து கொண்டுபோகும் ரப்பர் குழாயை இடுக்கியால் நசுக்கினார். உதறல் நின்றது.

"இன்னாம்மா, கொழா இவ்ளோ வெடிச்சிக் காத்த இழுத்துக்கினு கீது. சத்தம் கேக்கலியா?"

"கேட்டுதுங்க. சொன்னேன். கால்ல பலம் இல்லன்னுட்டாங்க."

குழாயை மாற்றியதும், அதே காலை லேசாக வைத்தாலே வண்டி நின்றது. வீடு வரும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது கிளம்பும் முன், என்ஜினைப் போடாமல் பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்கிறேன். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் அந்த உறிஞ்சுவிசை பிரேக்குக்கு வருகிறதென்று அர்த்தம்; அப்போதுதான் வண்டியை எடுப்பேன். பானெட்டைத் திறக்காமல் பதில் சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.