டிசம்பர் ஒன்று, ஸ்ரீவராகம், ஒரு பினா கொலாடா

டிசம்பர் ஒன்றாம் தேதி, காலை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் எழுபது கிலோமீட்டர் சொச்சம். குழித்துறை வரை ஒற்றைக் காலில் நின்றேன். பிறகு இடம் கிடைத்தது, கூடவே கவலைப்பட நேரமும் கிடைத்தது.

என் அக்கா ஜெயாவின் கணவர், ராமநாதன் அத்திம்பேருக்கு மறதி நோய். உல்லாசக் கப்பலின் பாரில் இருபது வருஷம் மதுபானம் கலந்து கொடுத்தவர். வருஷத்தில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஓய்வு பெற்று வந்தவருக்கு இப்போது கட்டின மனைவியே யாரென்று தெரியவில்லை. முந்தின நாள் அக்கா போனில் அழுதாள்.

"கை பழகின வேலையைக் குடுத்துப் பாருங்கோன்னு டாக்டர் சொல்றார்டா. பினா கொலாடான்னு ஒரு காக்டெயில், அதுல இவர் கெட்டிக்காரராம். ஆத்துலயே போடவைக்கலாம். ஒரே ஒரு தடவை ஜெயான்னு கூப்பிட்டா போறும். நீ ரம் வாங்கிண்டு வந்துடு, கேட்டியா?"

அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு கிளம்பியிருந்தேன். பெரிய புத்திசாலி!

பத்து மணி, தம்பானூர் ரயில் நிலையம். அக்கா வீடு இருக்கும் ஸ்ரீவராகத்துக்கு எண்பது ரூபாய் கேட்ட ஆட்டோக்காரரிடம், வழியில் மதுக்கடையில் நிறுத்தச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"சார் தமிழ்நாடா? இன்னிக்கு ஒண்ணாம் தேதியல்லே! மாசம் பொறந்தா கேரளம் முழுக்க டிரை டே. ஒரு துள்ளி கிட்டாது."

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தவித்தேன். சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த ஊர்லயே இருக்கேன், எனக்குன்னா தோணியிருக்கணும்!" என்றவள், சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு பின்தெருவுக்குப் போனாள். அங்கே ஷீலா என்பவர் வீட்டில் கேக் செய்து விற்கிறார். கிறிஸ்துமஸ் கேக்குக்காக ஜாடியில் உலர்திராட்சையையும் கிராம்பையும் ரம்மில் ஊறப்போட்டிருந்தாராம். அதிலிருந்து ஒரு டம்ளர் வடிகட்டிக் கொடுத்திருக்கிறார். அக்கா அதைப் புடவைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்தாள். "கோவில் தெருவுல ரம்மோட நடக்கறேனேடா, கர்மம்!" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

மதியம் அன்னாசியை நறுக்கினோம். தேங்காய் துருவி முதல் பால் பிழிந்தோம். சர்க்கரை, ஐஸ், மிக்ஸி எல்லாம் மேஜைக்கு வந்தன. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்திம்பேர் மெல்ல எழுந்து வந்தார். கை கழுவினார், சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். தேங்காய்ப்பாலை விரலில் தொட்டுப் பார்த்து, சர்க்கரை சேர்த்துக் கெட்டியாகக் கலக்கினார். ரம்மை முகர்ந்து முகம் சுளித்தார். கிராம்பு வாசனை பிடிக்கவில்லை போல. ஆனாலும் அளவாக ஊற்றினார். அன்னாசி, தேங்காய்ப்பால், ரம், ஐஸ், எல்லாம் மிக்ஸியில் நுரைத்தன. அந்தக் கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஒரு அன்னாசித் துண்டைச் செருகி, அக்கா முன்னால் வைத்து, லேசாகக் குனிந்தார்.

"ப்ளீஸ், மேடம்."

அக்காவின் பிடி தளர்ந்தது. அவள் பிறந்ததிலிருந்து மதுவைத் தொட்டதில்லை. அவரோ கைத்துவாலையை முன்கையில் போட்டுக்கொண்டு காத்து நிற்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, எடுத்துக் குடித்தாள்.

"நன்னா இருக்கா மேடம்?"

"ரொம்ப நன்னா இருக்கு."

"கப்பல்ல தனியாவா வந்தேள்?"

அக்கா அவரையே பார்த்தாள். "இல்லே. ஆத்துக்காரர் வந்துண்டிருக்கார்."

"அப்போ அவருக்கும் ஒண்ணு போடறேன்" என்று இன்னொரு டம்ளரை எடுத்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணி ரயில். அக்கா பாதி டம்ளரோடு அதே நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் இரண்டாவது டம்ளர் நிறைந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அத்திம்பேர் பின்னாலேயே வந்து, அக்கா காதில் விழாமல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சார், அந்த மேடத்தோட ஆத்துக்காரரை எங்கேயாவது பாத்தா சீக்கிரம் வரச் சொல்லுங்கோ. பாவம், ரொம்ப நாழியா காத்துண்டிருக்கா."