அக்கி எழுதிய கை

என் மனைவியின் இடது நெற்றியில் கொப்புளங்கள் போட்டபோது, அது அக்கி என்று முதலில் சொன்னது நான்தான். சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில், பக்கத்து ஊர்க் குயவர் ஒருவர் அக்கி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். செங்காவியைக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றிச் சிங்கம் வரைவார். மூன்று நாள் எழுதுவார். அதுவரை குளிக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, போட்டால் நோய் உள்ளே இறங்கிவிடும் என்பார். எழுதிக்கொண்டவர்கள் சுகமானதையும் கண்டேன். பலருக்கு அது தானாகவே வற்றிவிடும் நோய் என்பது எனக்குத் தெரியாது. கடல் தாண்டி எங்கள் ஊர் அடம்பனுக்குத் திரும்பிவந்த பிறகு இங்கே எழுத ஆள் இல்லை. நானோ மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயர் எழுதிப் பிழைக்கிறவன். தூரிகை கையிலேயே இருந்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஒருத்தியின் கண்ணே போதுமாயிருந்தது.

அவள் அப்போது கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரியமடுப் பக்கம் அவளுடைய தாய் வீட்டு வயல் இன்னும் வெடி அபாயம் என்ற சிவப்புப் பலகைகளுக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தது. அந்த மண்ணைத் தன் கையாலேயே துப்புரவாக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அடுத்த மாதம் அங்கேதான் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

முதல்நாள் நான் எழுதிய சிங்கம் நன்றாக வந்தது. கடிக்குமோ என்று கேட்டுச் சிரித்தாள். இரண்டாம்நாள் மூக்கு நுனியிலும் கொப்புளம் போட்டது, இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. ஆசுபத்திரிக்குப் போவோம் என்றாள். மூன்று நாள் முடியட்டும் என்று மறித்தேன். திரும்பக் கேட்டபோது சத்தமும் போட்டேன்.

நான்காம்நாள் ஆசுபத்திரியில் காவியைத் துடைக்கவே நேரமெடுத்தது. சின்ன வயதில் வந்த கொப்புளிப்பான் அம்மையின் கிருமி நரம்புக்குள் உறங்கிக் கிடந்து இப்போது கண்ணுக்கு வந்திருக்கிறது என்றார்கள். விழுங்கக் குளிசை தந்தார்கள், கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்தும் விட்டார்கள். கொப்புளங்கள் காய்ந்தன, மருந்தும் நின்றது, இடது கண்மணி மட்டும் விரிந்தபடியே இருந்தது. சொட்டுமருந்தின் வேலைதான், கொஞ்ச நாளில் சுருங்கிவிடும் என்று பெரிய பரியாரி மாதிரி நான் ஆறுதல் சொன்னேன். முற்றத்தில் கால் வைத்தாலே வெயில் கண்ணுக்குள் குத்துகிறது என்று அவள் அழுதாள்.

சில மாதம் கழித்துக் கிளினிக்கில் டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வலது கண்மணி சட்டென்று சுருங்கியது. இடது கண்மணி அசையவில்லை. அதைச் சுருக்கும் நரம்பு கெட்டுவிட்டது, வெளிச்சத்தை மட்டுப்படுத்த இனி அதற்கு இயலாது, பழையபடி வருவது கடினம் என்றார். வெயிலில் மண்ணை உற்றுப் பார்க்கும் அந்த வேலையை விட்டுவிடச் சொன்னார்.

தாய் வீட்டு வயலைத் துப்புரவாக்கும் ஆசையும் அதோடு முடிந்தது. மடியில் கிடந்த தன் கைகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கில் கொப்புளம் கண்ட அன்றே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம், ஏன் பிந்தினீர்கள் என்று டொக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவர் அண்டைக்கே வரச் சொன்னவர், டொக்டர்," என்றாள் அவள். "நான்தான் மாட்டன் எண்டு நிண்டனான்."

டொக்டர் அவளை நன்றாக ஏசினார். படித்த பிள்ளை மாதிரி இருக்கிறீர், இப்படிச் செய்யலாமா என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.