கமா அக்கா வாசித்த நாவல்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை ஃபோனில் தங்கையிடம், "சரி கமா நாளைக்குப் பேசறேன் முற்றுப்புள்ளி" என்று சொல்லிவிட்டு வைத்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

அது ஒரு பதிப்பகம். பரீட்சை கைடுகளும் அகராதிகளும் போடுவார்கள். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது கமா அக்காவின் வேலை. முன்பெல்லாம் அதை இரண்டு பேராகச் செய்தார்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியைக் கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் சேர்த்து வாய்விட்டு வாசிப்பார். எதிரே இருப்பவர் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். தொண்டை வறண்டால் ஆள் மாறிக்கொள்வார்கள். எதிரே இருந்தவர் டீச்சர். பள்ளி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர், கமா அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கம். சொந்தக் கதை பேசிக்கொண்டது குறைவுதான். ஆனாலும் டீச்சர் 'புள்ளி' என்று சொல்லும் தினுசிலேயே அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்பது கமா அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

டீச்சர் ஓய்வு பெற்று வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. "கம்ப்யூட்டரே பாதித் தப்பைக் காட்டிடுது, மீதிக்கு நீங்க ஒருத்தரே போதும்மா" என்றார் முதலாளி. டீச்சரின் நாற்காலியில் விற்காத கைடு கட்டுகள் ஏறி உட்கார்ந்தன. ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை ஃபோனில் பேசிக்கொண்டார்கள். பிறகு கமா அக்கா கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப அழைப்பு வரவில்லை. மறந்துவிட்டார் போல என்று இவரும் விட்டுவிட்டார். விட்டாரே தவிர, அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

கமா அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு அறை வீட்டில் அம்மாவோடு இருந்தார், அம்மா போனபின் தனியாக. தங்கையின் ஃபோன் வராத வாரங்களில், வெள்ளிக்கிழமை வாட்ச்மேனிடம் "வரேன்" என்று சொன்னதற்கு அடுத்து அவர் பேசுவது திங்கள்கிழமை அதே வாட்ச்மேனிடம்தான். அப்போது முதல் வார்த்தை கரகரத்துக்கொண்டு வரும். "ஜலதோஷமாம்மா?" என்பார் அவர். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அப்படி இருக்கும்போது முதலாளியின் மருமகள் பொறுப்புக்கு வந்தார். வந்த வேகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, "கைடெல்லாம் ஃபோன்லயே வந்துடுச்சு. இனிமே நாம புது ஆளுங்களைப் பிடிக்கணும்" என்றார். முதலீடு பற்றி ஒரு வரிசை, தத்துவம் ஒரு வரிசை, பதினாலு முதல் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு நாவல் ஒரு வரிசை. மூன்றிலும் பிழை பார்க்க இருந்தது ஒரே ஆள்.

முதலீட்டுப் புத்தகம் முதலில் வந்தது. ஓய்வுக்காலத்துக்குத் திட்டமிடும் பக்கத்தில், கணவர் இருந்தால், மனைவி இருந்தால், பிள்ளைகள் இருந்தால் என்று மூன்று கட்டம் போட்டிருந்தார்கள். கமா அக்கா ஓரத்தில், 'யாரும் இல்லாவிட்டால்?' என்று பென்சிலால் எழுதி அனுப்பினார். 'நல்ல கேள்வி, சேர்த்துவிடுகிறேன்' என்று எழுதியவரிடமிருந்து பதில் வந்தது. அடுத்த அச்சுப்படியில் நான்காவதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது.

தத்துவம் வேறு விதத்தில் படுத்தியது. 'இன்மையின் இன்மையே இருப்பு' என்று ஒரு வரி. மருமகளிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இது தப்பா விழுந்திருக்கா, இல்ல இதுதான் தத்துவமாம்மா?"

மருமகள் இரண்டு தரம் படித்துப் பார்த்தார். "தெரியலக்கா. இருக்கட்டும், விட்டுடுங்க."

மூன்றாவதாக வந்ததுதான் நாவல். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்கிறாள். அவளோடு யாரும் பேசுவதில்லை. மாடிப்படியின் கடைசி வளைவில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறாள். கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடும் என்பதால், டீச்சர் போனபின்பும் கமா அக்கா முணுமுணுப்பாக வாசிப்பதை விடவில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டு வந்த இடத்தில் முணுமுணுப்பு தானாகக் குரலாகிவிட்டது. இருபது பக்கம் போனபிறகுதான், ஒரு பிழைகூடக் குறிக்கவில்லை என்று உறைத்தது. இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. திரும்ப முதலிலிருந்து பார்த்தார். இரண்டாவது தடவையும் கதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஐந்தாம் நாள், பக்கத்து அறையில் பார்சல் கட்டும் நான்கு பெண்களில் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். நடுவில் இருந்தது வெறும் பிளைவுட் தடுப்பு. டேப் ஒட்டும் சத்தம் அங்கிருந்து நாள் முழுக்கக் கேட்கும். அது கொஞ்ச நேரமாக நின்றுபோயிருந்ததைக் கமா அக்கா அப்போதுதான் கவனித்தார்.

"அக்கா, அந்தப் பொண்ணு லெட்டரைக் குடுத்தாளா இல்லையா?"

"எந்தப் பொண்ணு?"

"அதான், படிக்கட்டுல சாப்பிடுமே, அது. நீங்க பாட்டுக்கு நேத்து பாதியில நிறுத்திட்டுக் கெளம்பிட்டீங்க. எங்களுக்கு வேலையே ஓடல."

கமா அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எல்லாம் கேக்குதா அங்க?"

"முதல் நாள்லேருந்து கேக்குது."

அதன்பிறகு மதியத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களுக்காகவே வாசித்தார். கதை கேட்கிறவர்களுக்கு எதற்குக் கமாவும் புள்ளியும் என்று அவற்றைச் சொல்லாமல் விட்டுப் பார்த்தார். "சொல்லிடுங்கக்கா, அந்த நேரத்துலதான் மூச்சு விடறோம்" என்று குரல் வந்தது. நான்கு பேரும் சிரித்தார்கள். கமா அக்காவும் சிரித்தார்.

நாவலின் முடிவில், அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே தோழி சொல்லாமல் கொள்ளாமல் ஊர் மாறிப் போய்விடுகிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தி கேட்டாள்.

"என்னக்கா இது? போனவ ஃபோன் பண்ணலைன்னா, இவளாவது விடாமப் பண்ணியிருக்கலாம்ல?"

அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது கமா அக்கா டீச்சரின் எண்ணைப் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். நான்காவது முறை எடுத்தார்கள்.

"டீச்சர், நான்தான்."

"யாரு?"

"நான்தான் டீச்சர், கமா."

"எந்த மாமா?"

"கமா, டீச்சர்!" பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது.

ஃபோன் கை மாறியது. மகள் பேசினாள். "ஆன்ட்டி, அம்மாக்குக் காது அநேகமாப் போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ஃபோன் அடிச்சாலே எழுந்து உள்ள போயிடுவாங்க. இன்னைக்கு என்னவோ அவங்களே எடுத்துட்டாங்க. எழுத்து மட்டும் நல்லாப் படிக்கறாங்க."

அன்று வீட்டுக்குப் போயும் வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். தன் குரலை நன்றாகத் தெரிந்த ஒரே ஆளுக்கு இனி அது கேட்காது.

நாவல் வெளிவந்து எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. இடம் போதவில்லை என்று பார்சல் பிரிவை ஊருக்கு வெளியே பெரிய கிடங்குக்கு மாற்றினார்கள். நான்கு பெண்களும் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்கள் இருந்த அறையில் கம்ப்யூட்டர் பெட்டிகளையும் ஏசியையும் வைத்துப் பூட்டினார்கள். ஒரே இரைச்சல் காலையிலிருந்து மாலைவரை கேட்டது.

டீச்சருக்கு நாவலில் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். மூன்று வாரம் கழித்து அதே புத்தகம் தபாலில் திரும்பி வந்தது. கடிதம் ஏதும் இல்லை. பிரித்துப் பார்த்தால், பதினொரு இடத்தில் பிழையைச் சுழித்து, ஓரத்தில் திருத்தம் எழுதியிருந்தது, பழைய பழக்கப்படியே சிவப்பு மையில். கமா அக்கா பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி அத்தியாயத்தில், தோழி போய்விடும் பக்கத்தில், 'கதவை' என்பது 'கவதை' என்று விழுந்திருந்தது. அதைத் தன்னைப் போலவே டீச்சரும் கவனிக்காமல் தாண்டியிருந்தார். அந்தப் பக்கத்தைக் கமா அக்கா நெடுநேரம் திறந்தே வைத்திருந்தார்.

வருட முடிவில் பிழை பார்க்க இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தார்கள். தனித்தனி அறை, ஆளுக்கு ஒரு வரிசை. எது வேண்டும் என்று மருமகள் முதலில் கமா அக்காவைத்தான் கேட்டார்.

"நாவலே குடுத்துடுங்கம்மா."

"சின்னப் பசங்க கதையாச்சேக்கா. உங்களுக்குத் தத்துவம்தான் பொருத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

"அதுல யாரும் யார்கூடவும் பேசிக்கறதில்லையேம்மா."

அடுத்த நாவல் அந்த வாரமே மேசைக்கு வந்தது. அதன் கதாநாயகிக்குப் பதினைந்து வயது. கூடப் பிறந்தவர்கள் நான்கு பேர். முதல் பக்கத்திலேயே குளியலறைக்கு யார் முதலில் போவது என்று சண்டை. கமா அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து பேருக்கும் ஐந்து குரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தார்.