பெர்திகாவின் மக்கள்தொகை

பெர்திகாத் தீவைப் பாறை என்று சொல்லிவிட்டு, கலியோபியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் திரும்பியவன் எங்கள் கடலில் கிடையாது. மீனவனோ, மருத்துவரோ, சொந்தப் படகில் ஊர் சுற்ற வந்த ஏதென்ஸ் பணக்காரனோ, எல்லோருக்கும் ஒரே மரியாதைதான்.

"பாறையா? பாறையில கிணறு இருக்குமாய்யா? கோயில் இருக்குமா? அடுப்பு எரியுமா? கண்ணு தெரியலைன்னா அமோர்கோஸ்ல டாக்டர் இருக்காரு, போய்க் காட்டு!"

இதைக் கேட்கும்போது இரண்டு கையும் இடுப்புக்குப் போய்விடும். குள்ளமான பெண். ஐம்பத்தைந்து வயது. உப்புக் காற்றில் கறுத்துக் காய்ந்த முகம். குரலுக்கு மட்டும் குறைச்சலில்லை, மலைக்கு அந்தப் பக்கம் மேயும் ஆடு கூடத் திரும்பிப் பார்க்கும். அவள் பிறந்தது பெர்திகாவில். கட்டிக்கொண்டதும் பெர்திகாக்காரனைத்தான். கணவன் யகூமிஸ் கண்ணை மூடிய பிறகு, கப்பலில் வேலை செய்யும் மகன் பிரேயஸ் துறைமுக நகரத்தில் வீடு பிடித்து, "வந்துடும்மா" என்று கெஞ்சினான். போனாள். நாலாவது மாடி. "மேல் வீட்டுக்காரன் என் தலை மேல நடக்கிறான்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பெர்திகாவில் ஆடுகள் ஒரு மந்தை, கௌதாரிகள் எண்ணிலடங்காமல், மனிதப் பிறவி என்று பார்த்தால் கலியோபி ஒருத்தி.

தீவு கிடக்கிற இடமும் அப்படி. மேற்கே அமோர்கோஸ். டெலோஸைச் சுற்றி வட்டமாக நிற்கிற சிக்லடீஸ் கூட்டத்தில் அதுதான் கிழக்குக் கடைசி. கிழக்கே லெரோஸ். அது டோடெகனீஸ், பன்னிரண்டு தீவுக் கூட்டம். இரண்டுக்கும் நடுக்கடலில் பெர்திகா. காகிதத்தில் அது அமோர்கோஸைச் சேர்ந்தது. ஆகவே கலியோபி சிக்லடீஸ்காரி. மலை மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தால் லெரோஸ்தான் பெரிதாகத் தெரியும் என்று யாராவது சொன்னால், "தெரியறதெல்லாம் சொந்தமாயிடுமா? நிலாவும்தான் தெரியுது" என்பாள்.

ஆள் குடியிருக்கும் தீவு என்று அரசாங்கம் எழுதி வைத்திருப்பதால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தபால் படகு வரும். மாவு, எண்ணெய், மருந்து, மகன் அனுப்பும் புகைப்படம், எல்லாம் அதில்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. அந்த நாளில் தீவில் ஆள் இல்லையென்றால் தீர்ந்தது கதை, படகு நின்றுவிடும். பக்கத்தில் மயிஸ்ட்ரா என்று ஒரு தீவு இருந்தது. அங்கே ஒரு கிழவனும் கிழவியும் இருந்தார்கள். ஒரு கணக்கெடுப்பின்போது கிழவனுக்குப் பல்வலி, அமோர்கோஸுக்குப் போயிருந்தார்கள். கணக்கெடுக்க வந்தவன் பூஜ்யம் என்று எழுதிவிட்டான். படகு நின்றது. பாவம், அவர்கள் திரும்பவே இல்லை. இப்போது வரைபடத்தில் மயிஸ்ட்ரா என்ற பெயர் கிடையாது, பாறை என்றுதான் போட்டிருக்கிறது.

இதெல்லாம் தெரிந்தவள் என்பதால், அடுத்த கணக்கெடுப்பு வந்த அந்த மார்ச் மாதம் முழுக்க கலியோபி தீவை விட்டு அசையவில்லை. நாடே வேறு மாதிரி அசைந்துகொண்டிருந்தது. கணக்கெடுப்பு என்றால் எங்கள் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போகும், ஊரின் தலைக்கணக்கு குறைந்துவிடக் கூடாது என்று. பேருந்தில் இடமில்லை, கப்பலில் இடமில்லை.

கணக்கெடுப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் கிழக்கிலிருந்து ஒரு படகு வந்தது. அமோர்கோஸ் படகைத்தான் அவள் எதிர்பார்த்தாள். அந்தப் படகு எந்திரம் கெட்டுக் கரையில் கிடக்க, ஏதென்ஸில் யாரோ ஒரு மகராசன் வரைபடத்தில் பெருவிரலை வைத்து அளந்து பார்த்து, பெர்திகாவை லெரோஸ் ஆளிடம் தள்ளிவிட்டிருந்தான். வந்து இறங்கியவர் ஸவ்வாஸ். லெரோஸில் மளிகைக் கடைக்காரர், கணக்கெடுப்புக்காக நாள் கூலிக்குப் பிடித்த ஆள். கழுத்தில் டை, கையில் தோல்பை, முகத்தில் குமட்டல். கூட வந்தவன் படகுக்காரன் மிகேஸ், சிரித்த முகம்.

கால் தரையில் ஊன்றுவதற்குள், "அக்கா, கிளம்புங்க" என்றார் ஸவ்வாஸ்.

"எங்கே?"

"லெரோஸுக்கு. ராத்திரி தெற்கத்திக் காத்து வருதுன்னு ரேடியோல சொல்லிட்டான். நாளைக்கு இங்கே வர முடியாது. உங்களை அங்கேயே எண்ணிடறோம். ஓட்டல்ல ரூம் போட்டிருக்கு, சாப்பாடு அரசாங்கச் செலவு."

"என்னை அங்கே எண்ணினா, பெர்திகாவுக்கு என்ன எழுதுவே?"

ஸவ்வாஸ் பையைத் திறந்தார், மூடினார். "ஆளில்லைன்னுதான். சட்டம் அப்படி. நாளைக்குப் பொழுது விடியறப்போ எவன் எங்கே இருக்கானோ, அங்கேதான் அவனுக்குக் கணக்கு. பிரதமரா இருந்தாலும் சரி, பிச்சைக்காரனா இருந்தாலும் சரி."

"அப்போ நான் இங்கேயே இருக்கேன். நீ நாளைக்கு வா."

"எப்படி வர்றது? நான் வரலைன்னாலும் பூஜ்யம்தான்க்கா. கணக்கு நாள்ல நேர்ல பார்க்காத ஆளை எழுதக் கூடாது."

போனாலும் பூஜ்யம், இருந்தாலும் பூஜ்யம். கலியோபி அமோர்கோஸ் மலையைப் பார்த்தாள், தெற்கத்திக் காற்றின் அடையாளமாக உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. தன் துறையைப் பார்த்தாள். அதன் வாய் தெற்கே திறந்திருக்கிறது. தெற்கத்திக் காற்று ஒருமுறை எழுந்துவிட்டால் அந்த வாய் வழியாக ஒரு கட்டுமரம் கூட வெளியே போக முடியாது. சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"சரி தம்பி. வந்தவங்க பட்டினியாப் போனா பெர்திகாவுக்குக் கெட்ட பேரு. கொண்டைக்கடலை அடுப்புல இருக்கு. வெந்ததும் சாப்பிட்டுப் போகலாம்."

நோன்புக் காலம், கறி கிடையாது. சாப்பிடாமல் கிளம்புவது எங்கள் வழக்கத்தில் அந்த வீட்டைக் காறித் துப்புவதற்குச் சமம். அதுவுமில்லாமல் ஸவ்வாஸின் வயிறும் காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தார். கலியோபி தேனும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய ராக்கிச் சாராயத்தை ஊற்றி, வாற்கோதுமை ரஸ்க்கையும் ஆலிவையும் முன்னால் வைத்தாள்.

"கடலை வெந்துச்சாக்கா?"

"இன்னும் இல்லை. எங்க ஊர்க் கடலை கொஞ்சம் திமிர் பிடிச்சது."

இரண்டாவது கோப்பையில் ஸவ்வாஸுக்கு நாக்கு அவிழ்ந்தது. "தப்பா நினைக்காதீங்க. உங்க சிக்லடீஸ்ங்கறது டெலோஸைச் சுத்தி வட்டமா நிக்கிற கூட்டம். உங்க பெர்திகா எந்த வட்டத்துல நிக்குது? மந்தையிலருந்து வழி தவறின ஆடு மாதிரி எங்க வாசல்ல வந்து நிக்குது. பேசாம எங்களோட சேர்ந்துடுங்க."

"உங்களோடவா?" கலியோபியின் கை இடுப்புக்குப் போனது. "பேரு பன்னெண்டு தீவு. ஆள் இருக்கிற தீவை மட்டும் எண்ணினாலே பன்னெண்டைத் தாண்டுது. வச்ச பேருக்கே கணக்குத் தெரியாத ஊர்லருந்து எங்களை எண்ண ஆள் அனுப்பியிருக்காங்க!"

மிகேஸுக்குச் சிரிப்பில் ராக்கி மூக்கில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே, "நான் போய்க் கடலையைப் பார்க்கறேன்" என்று எழுந்து முற்றத்து அடுப்புக்குப் போனான். மண்சட்டியின் மூடியைத் தூக்கினான். கடலை வெந்து, குழைந்து, வெண்ணெயாக இருந்தது. வெந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். நிமிர்ந்தால் கலியோபி வாசலில் நிற்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அம்மாவும் ஒரு காலத்தில் மயிஸ்ட்ராவில் ஆடு மேய்த்தவள்தான்.

மிகேஸ் சத்தமில்லாமல் மூடியை வைத்தான். "கல்லு மாதிரி இருக்கு, ஸவ்வாஸ் அண்ணே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

பொழுது சாய்ந்து அவர்கள் சாப்பிட்டு முடித்தபோது கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. ஸவ்வாஸ் வெளியே ஓடினார். துறையின் வாயில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, என் கடை! என் பெண்டாட்டி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கலியோபி அவருக்கு மகனின் கட்டிலைக் காட்டினாள்.

விடியும் நேரத்தில் மிகேஸின் கூச்சல் கேட்டது. படகின் பின் கயிறு அறுந்து, அது பக்கவாட்டில் திரும்பிக் கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மிகேஸ் முன் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். அவன் ஒருவனால் முடியவில்லை. கலியோபி யகூமிஸின் பழைய வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அலை அவளை இரண்டு முறை விழுங்கியது. மூன்றாவது முறை தலை தெரிந்தபோது வடம் படகில் மாட்டியிருந்தது. மறுமுனையைக் கரையிலிருந்த இரும்பு வளையத்தில் சுற்றி இறுக்கிவிட்டு, பாவாடையைப் பிழிந்துகொண்டே மேலே வந்தாள். ஸவ்வாஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா, எங்க துறைமுகத்தை? கட்டின படகை விடாது" என்றாள். பல் கிடுகிடுத்தது. பெருமை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

மிகேஸுக்கு வாய் சும்மா இருக்குமா? படகு பிழைத்த சந்தோஷத்தில் உளறிவிட்டான். "அக்கா, நீங்க பெரிய ஆளு! நேத்து மத்தியானமே வெந்த கடலையை சாயங்காலம் வரைக்கும் வேக வச்சீங்களே!"

ஸவ்வாஸின் முகம் சிவந்தது. "என்னது? வேணும்னே புடிச்சு வச்சீங்களா? அரசாங்க வேலையா வந்தவனையா? நான் எழுத மாட்டேன்! ஏமாத்தி வாங்கற கணக்கு எனக்கு வேண்டாம். பூஜ்யம்னுதான் எழுதப் போறேன், எங்கே வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கோங்க!"

கலியோபி கத்துவாள் என்று மிகேஸ் எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. ஈரத்தோடு அடுப்பருகில் உட்கார்ந்தாள்.

"ஏமாத்தினேன், ஆமா. வேற என்ன பண்ணட்டும் நான்? நேத்து நீ வந்தப்போ உனக்கு வணக்கம் சொன்னது யாரு, பாறையா? இப்போ கடல்ல இறங்கினது யாரு?" ஈரக் கையால் தரையைத் தட்டினாள். "என் மாமியாரை இந்த மண்ணுல பொதைச்சிருக்கேன், என் புருஷனைப் பொதைச்சிருக்கேன். எம் புள்ளைக்கு இங்கேதான் நடக்கக் கத்துக்குடுத்தேன். நான் செத்ததுக்கப்புறம் பாறைன்னு எழுதிக்கோ தம்பி, கேக்க ஆளிருக்காது. நான் உசிரோட இருக்கறப்போ எழுதாதே."

ஸவ்வாஸ் போர்வையை உதறிவிட்டு உட்கார்ந்தார். பிறகு தோல்பையைத் திறந்து, காகிதத்தை முழங்காலில் விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கலியோபி எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மேலே என்ன அச்சடிச்சிருக்கு?"

"டோடெகனீஸ். எங்க காகிதம் எல்லாத்துலயும் அப்படித்தான்க்கா."

"அடி."

அடித்தார். பக்கத்தில் சிக்லடீஸ் என்று எழுதினார். அதன் கீழே பெர்திகா. அதன் கீழே ஒன்று என்று எழுதப் போனவரின் கையைக் கலியோபி பிடித்துக்கொண்டாள்.

"விடியறப்போ எவன் எங்கே இருக்கானோ அங்கேதான் கணக்கு. பிரதமரா இருந்தாலும் சரி, மளிகைக் கடைக்காரனா இருந்தாலும் சரி. யாரு சொன்னது?"

ஸவ்வாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார், மிகேஸைப் பார்த்தார். கோபப்படத்தான் வாயைத் திறந்தார், சிரிப்புதான் வந்தது. "ரெண்டு தலை குறைஞ்சா லெரோஸ்ல என்னை உரிச்சுத் தொங்க விடுவாங்களே" என்று சொல்லிக்கொண்டே மூன்று என்று எழுதினார்.

உரிக்கத்தான் செய்தார்கள். லெரோஸ் காப்பிக் கடையில் அவர் நுழைந்தாலே, "பெர்திகாக்காரர் வந்துட்டாரு, நாற்காலி போடு" என்பார்கள். முதலில் எரிந்து விழுந்தார், பிறகு பழகிவிட்டது, அதற்கும் பிறகு அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினார். பெர்திகாவுக்குத் தபால் படகு நிற்கவில்லை. கணக்கு அச்சாகி வந்த வருடம் அமோர்கோஸிலிருந்து ஒரு அதிகாரி வந்து, "மத்த ரெண்டு பேர் எங்கேம்மா?" என்று கேட்டார்.

"லெரோஸ்ல கடை வச்சிருக்காங்க" என்றாள் கலியோபி. "பிழைப்புக்காகப் போன புள்ளைங்க."

பத்து வருடம் ஓடியது. அடுத்த கணக்கெடுப்புக்கு அமோர்கோஸ்காரனே மறுநாள் வருவதாகச் சேதி வந்திருந்தது. முழங்கால் வலியோடு கலியோபி சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மதியம் கிழக்கிலிருந்து ஒரு படகு வந்தது. மிகேஸ் ஓட்டி வந்தான். ஸவ்வாஸ் இறங்கினார், தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் மனைவி, கையில் மூட்டை.

கலியோபிக்குப் பழைய பயம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. இடுப்பில் கையை வைத்தாள். "என்ன தம்பி, மறுபடியும் எண்ண வந்தியா?"

"அந்த வேலையை விட்டு ரொம்ப நாளாச்சுக்கா." ஸவ்வாஸ் மனைவியைக் கைபிடித்துப் படகிலிருந்து இறக்கினார். "நாளைக்குக் கணக்கெடுப்பாச்சே, எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போறாங்க. நாங்களும் வந்துட்டோம்."