பெரிய வெள்ளியில் ஒலித்த மணி

ஈஸ்டர்வரை யாரும் தொடக்கூடாதென்று, கடலூரில் எங்கள் கோயில் மணியின் கயிற்றை உயரத்தில் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார் பணியாளர் தாஸ். தேங்காய் நார் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அன்றும் பெரிய வெள்ளிதான். மாதர் சங்கத் தலைவியான அம்மா, பகல் ஆராதனைக்காகக் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பின்தெருக் கூரை வீடுகளில் புகை. துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பெஞ்சின்மேல் ஏறினார். இறுகிக் கிடந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"இன்னைக்கு மணி அடிக்கக் கூடாதும்மா!" என்று அழுதேன்.

"தெரியும்டி" என்றபடியே இழுத்தார்.

தெருவே ஓடி வந்தது. தீயை அணைக்க அல்ல. துக்க நாளில் மணியடித்த பாவி யாரென்று பார்க்க! அங்கிக்குப் பொத்தான்கூடப் போடாமல் வந்த போதகர் கத்தினார்: "யாரு அடிச்சது?"

"நாந்தான் ஐயா. கேக்கறத அப்புறமா என்னையே கேளுங்க. இப்ப குடத்தத் தூக்குங்க."

சண்டைக்கு வந்தவர்களே வரிசையாக நின்று குடம் மாற்றினார்கள். மூன்று கூரைகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பகல் ஆராதனையில் அம்மா ஈரப் புடவையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விசாரணை வரும் என்று பயந்து அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். கரி படிந்த அங்கியோடு போதகர் எழுந்தார்.

"மத்தவங்களுக்காகப் பழிய ஏத்துக்கிட்டவரப் பத்தி நான் இன்னைக்குப் பேசணும். காலையிலயே மணி பேசிடுச்சு" என்றார்.

"கட்டிட்டேன் மேடம்" என்று தாஸ் பெஞ்சிலிருந்து இறங்கினார்.

இந்த வருடம் சபைச் செயலாளர் நான்.

"அவுத்துடுங்க தாஸ். கைக்கு எட்டற மாதிரியே தொங்கட்டும். யாராவது கேட்டா என் பேரச் சொல்லுங்க."