வலப்பக்கத்துக் குஞ்சுகள்

ஆராய்ச்சிப் பண்ணையில் கோழிகளுக்குத் தீவனம் வைக்கிற மனிதருக்குச் சம்பந்தி என்று பெயர். அவர் யாருக்கும் பெண் கொடுத்ததும் இல்லை, யாரிடமும் பெண் எடுத்ததும் இல்லை. சம்பந்தி வீட்டாரைக் கவனிக்கிற மாதிரி ஒவ்வொரு கோழியிடமும் போய், "சாப்டாச்சா? ஏன் வச்சது அப்படியே இருக்கு?" என்று விசாரிப்பார். அதைக் கேட்ட ஒரு வண்டி ஓட்டுநர் கிளப்பிவிட்ட பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

பின்னே, அவர் வேறு யாரைப் போய் விசாரிப்பார்? மனைவி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. வீடு என்று ஓர் அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி மலையாய்க் குவிந்து கிடக்கும். லீவு நாளில் கடைக்காரரிடம் "ஒரு சோப்பு" என்று சொல்வதுதான் அன்றைக்கு அவர் பேசுகிற மொத்தப் பேச்சு. அதனாலேயே லீவு நாள் என்றால் அவருக்கு ஆகாது.

அப்படிப்பட்டவர் பொறுப்பில் இருந்த கொட்டகைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். முதலில் "ஐயா, ஐயா" என்றுதான் கூப்பிட்டாள். ஒருநாள் தண்ணீர்க் குழாயைத் திருகிக்கொண்டே, "பெரியப்பா, அந்த வாளிய இப்படித் தள்ளுங்க" என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க பெரியப்பா உங்கள மாதிரியேதான் இருப்பாரு. வாய் தவறி வந்துருச்சு."

"வந்தது வந்துருச்சு. இருக்கட்டும்மா" என்றார் சம்பந்தி.

அன்று அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த நாற்காலியில் கிடந்த துணியை மடித்து உள்ளே வைத்தார். யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். கொட்டகையின் நடுவே ஒரு கம்பி வலை, இரண்டு பக்கமும் ஒரே வயதுக் குஞ்சுகள். "மஞ்சள் மூடி பீப்பாய் இடப்பக்கத்துக்கு. அதுல ஃபோலிக் அமிலம் கலந்திருக்கு, கீரையில எல்லாம் இருக்குமே, அந்தச் சத்து. வெள்ளை மூடி வலப்பக்கத்துக்கு. அதுல அது சேக்கல. எது எப்படி வளருதுன்னு பாக்கணும். எனக்குப் பரீட்சை இருக்கு, கொஞ்ச நாள் வர முடியாது. மாத்தி மட்டும் வச்சுராதீங்க பெரியப்பா, உங்கள நம்பித்தான் போறேன்."

"ச்சே ச்சே! எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்மா."

கண் நன்றாகத் தெரிந்ததுதான் வினையாகிப் போயிற்று. இடப்பக்கம் மளமளவென்று வளர்ந்தது. வலப்பக்கமோ சோனியாய் நின்றது. இறகு சரியாக முளைக்கவில்லை, முளைத்ததிலும் நிறம் இல்லை. கொண்டையெல்லாம் வெளிறிவிட்டது. வலையோரம் வந்து ஒண்டிக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தன.

"அடப் பாவமே, நீங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணீங்க?"

மனம் கேட்கவில்லை. மஞ்சள் மூடியைத் திறந்து ஒரு கை அள்ளி வலப்பக்கம் போட்டார். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரு கை பல கையாயிற்று. குஞ்சுகள் தெளிந்தன, கொண்டை சிவந்தது, இவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பெண் வந்து பார்த்தால் மகிழ்ந்துபோவாள் என்றுகூட நினைத்தார். என்ன மனுஷரோ!

அவள் வந்தாள், எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தாள். முகம் தொங்கிவிட்டது. தீவன மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு பெரியப்பா. இந்தச் சத்தத் தனியாச் சேக்க வேண்டியதே இல்லன்னு எழுதிக் குடுக்க வேண்டியதுதான்."

சம்பந்தி யோசித்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை கிடக்கிறது, போனால் போகட்டும். 'பெரியப்பா' போய்விடுமே! வாயை மூடிக்கொண்டால், இவள் எழுதியதை நம்பி எங்கோ யாரோ அந்தச் சத்தை நிறுத்துவார்கள். கொட்டகை கொட்டகையாகக் குஞ்சுகள் வெளிறிப்போய் நிற்கும். பழி இந்தப் பெண் தலையில் விழும்.

"நான்தாம்மா போட்டேன்."

"என்னத்தப் போட்டீங்க?"

"மஞ்சள் மூடித் தீவனத்த, இந்தப் பக்கத்துக்கும். ஒதுக்கி வச்ச மாதிரி நின்னுச்சுங்க. என்னால பாத்துட்டு இருக்க முடியல."

அவள் கத்தித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. எடை எழுதிய தாளை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாக, "அவ்வளவு உழைப்பும் போச்சேங்க, ஐயா" என்றாள்.

நல்ல பெண் அவள். தன் பேராசிரியரிடம் கெஞ்சிச் சம்பந்தியின் வேலையைக் காப்பாற்றினாள். புதுக் குஞ்சுகள் வந்தன. இந்த முறை மஞ்சள் மூடிக்குப் பூட்டு, சாவி அவள் கையில். சம்பந்தி வெள்ளை மூடித் தீவனத்தை வலப்பக்கம் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்டாச்சா என்று கேட்கவும் வாய் வரவில்லை. அறையில் துணி மறுபடி நாற்காலிக்கு ஏறிவிட்டது.

கடைசி எடை பார்த்த அன்று அவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "வித்தியாசம் பளிச்சுனு தெரியுதுங்க ஐயா! சொன்ன மாதிரியே வச்சிருக்கீங்க. ரொம்ப நன்றிங்க ஐயா."

அவள் மனதில் ஒன்றுமில்லை. கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. கோபம் இருந்தாலாவது, ஒருநாள் தணியும் என்று காத்துக்கொண்டிருக்கலாம்.

"இனிமே இதுங்களுக்கும் அதக் குடுக்கலாமாம்மா?"

"தாராளமாக் குடுங்க ஐயா, அதான் முடிஞ்சிருச்சே." சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, ஊருக்குப் போகிற அவசரத்தில் கிளம்பிப் போனாள்.

சம்பந்தி பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வலப்பக்கம் போனார். வெளிறிய குஞ்சுகள் மூலையிலேயே நின்றன, கிட்டே வரவில்லை. அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

"வாங்க, வாங்க. பெரியப்பாதான் வந்திருக்கேன். சாப்டுங்க."