முழு அதிகாரம் உள்ள தலைவர்

கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்திய காலமெல்லாம் உள்ளாட்சிப் பாடம் வரும்போது ஒன்றைத் தவறாமல் சொல்வேன். நம் மேயருக்கு அங்கி உண்டு, கழுத்தில் சங்கிலி உண்டு. நிர்வாகம் ஆணையரிடம் இருக்கிறது. மேயரை ஒரு தேர்தலில் மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பார்கள், இன்னொரு தேர்தலில் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மக்களே தேர்ந்தெடுத்து, நிர்வாகத்தையும் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. மாணவர்கள் மறுத்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தின முதல் பாடவேளை அது.

ஓய்வு பெற்ற பிறகு இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன்.

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற சாலையில், சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காலனி. மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் கார் ஏற்றுவதற்காக வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டு, மழைத்தண்ணீர் ஓட வேண்டிய வாறுகாலை மூடியிருந்தோம். சங்கக் குழு மாதாமாதம் கூடி, சரிவுகளை இடிக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவெடுக்கும். யார் வீட்டில் தொடங்குவது என்பதில் கூட்டம் முடிந்துவிடும்.

தலைவரைக் குழு தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, எல்லா வீட்டாரும் ஓட்டுப் போடட்டும், அவருக்கு முழு அதிகாரம் கொடுப்போம் என்றேன். ஜவுளிக்கடை வைத்திருக்கும் கோடி வீட்டு பாய் எழுந்தார்.

"சார்வாள், அவரு தப்பாப் பண்ணினா?"

"அடுத்த தேர்தல்ல தோக்கடிக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"பொறுத்துக்கிட வேண்டியதுதான்."

இது எல்லோருக்கும் பழகிய ஏற்பாடாக இருந்ததால் ஒப்புக்கொண்டார்கள். விதிகளை நானே எழுதினேன். நானே போட்டியிட்டேன். இன்னொரு பெயரை பாயின் மனைவி முன்மொழிந்தார். அது என் மனைவியின் பெயர்.

அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு வந்ததும், "ஒங்களுக்கு எதுவும் வருத்தம் உண்டா?" என்று கேட்டாள். ஜனநாயகத்தில் யாரும் நிற்கலாம் என்றேன். தனித்தனியாக ஓட்டுக் கேட்கப் போனோம். நான் போன வீடுகளில் காபி கொடுத்து, அதிகாரப் பகிர்வைப் பற்றி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். அதே வீடுகளுக்கு அவள் பிறகு போய், "வாறுகாலை என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பிஸ்கட் டின்னில் ஓட்டுப் போட்டோம். அவள் ஜெயித்தாள். என் ஓட்டு எனக்குத்தான் விழுந்தது.

மறுவாரம் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வீடு அதிர்ந்தது. வாசலில் இரண்டு பேர் இயந்திரத்தால் எங்கள் சரிவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குடையோடு பக்கத்தில் நின்றாள்.

"என்ன செய்யுதாங்க இவங்க?"

"இடிக்காங்க."

"குழுவுல பேசினியா?"

"குழுவுக்குச் சொன்னாப் போதும், கேக்க வேண்டாம்னு நீங்கதான எழுதினிய."

"வேற வீட்டுல இருந்து ஆரம்பிக்கக் கூடாதா?"

"நம்ம வீட்ட விட்டுட்டு அவங்க வீட்டுல எப்படிப் போயி நிக்க? கார வெளிய எடுக்கணும்னா இப்பமே எடுத்துருங்க. பொறவு பலகை போட்டுத்தான் எடுக்கணும்."

எனக்குக் கடுங்கோபம். காரை எடுக்காமல் டீக்கடைக்கு நடந்து போனேன். திரும்பி வந்தபோது வாறுகால் திறந்து கிடந்தது. தேங்காய் மட்டைகளும் எங்கள் மடக்கு நாற்காலியின் கால் ஒன்றும் வெளியே கிடந்தன. கறுப்புத் தண்ணீர் பைய நகரத் தொடங்கியிருந்தது. கோபமாக இருக்கும்போதும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து எதிர்வீட்டு முன்னாள் தாசில்தாரின் முறை. அவர் முந்தின சாயங்காலமே என்னைத் தேடி வந்தார்.

"நீங்க சொல்லக்கூடாதா?"

"எனக்கு அதிகாரம் இல்ல."

"நடுவுல தலைவர நீக்குததுக்கு விதி இருக்கும்லா?"

"இல்ல."

"பாடம் நடத்தின ஆளு, அதக்கூடவா எழுதாம விட்டீரு வே?"

"நான் ஜெயிப்பேன்னு நெனைச்சு எழுதினேன்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அவர் சரிவும் போனது. ஒரு வாரத்தில் தெரு முழுக்க முடிந்து, கார் ஏறுவதற்கு வாறுகாலின் மேல் கழற்றி மாட்டக்கூடிய இரும்புக் கம்பித் தட்டுகள் வந்தன. கார்த்திகையில் பெருமழை பெய்தது. தண்ணீர் தெருவில் நிற்காமல் ஓடியது. தாசில்தார் குடை பிடித்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்று அதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவரான அவளே ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். பாதி வீட்டார் கேட்டால் தலைவரை இடையிலேயே நீக்கலாம் என்று விதி சேர்க்க வேண்டுமாம். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு நடக்கையில் கேட்டேன்.

"நல்லாத்தான நடக்கு. ஒனக்கு எதுக்கு அது?"

"எனக்கு இல்ல. அடுத்த தடவ நான் நிக்கப் போறதில்ல. நீங்க நின்னாலும் நிப்பிய."

தீர்மானம் கூட்டத்திலேயே ஒருமனதாக நிறைவேறியிருந்தது. நானும்தான் கை தூக்கியிருந்தேன்.